பெரிய மாடா, சின்ன மாடா? நெல்லைச் சீமைக்கான தீவனக் கணக்கு

மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை லிட்டர் கறக்கும் என்பதை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை கிலோ எடை என்பது. கறவை ஏறும், இறங்கும், ஒரு கட்டத்தில் வற்றியும் போகும். உடம்பு வருஷம் 365 நாளும் தின்றுகொண்டே இருக்கும். அந்த உடம்புக்குப் போட வைக்கோலும் பச்சையும் தண்ணீரும் நம்மிடம் எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்பதிலிருந்துதான் தேர்வு தொடங்க வேண்டும்.

இந்தப் பகுதியில் ஒரு குடும்பத்தின் முன் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. 250 கிலோ அளவுள்ள நாட்டு மாடு, 350 கிலோ அளவுள்ள ஜெர்சி கலப்பு, 450 கிலோவும் அதற்கு மேலும் போகும் எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்பு. எருமையின் கணக்கு வேறு. அதை இங்கே சேர்க்கவில்லை.

உடம்பு பெருத்தால் தீவனம் எவ்வளவு கூடும்?

எடை இரட்டிப்பானால் தீனியும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. அப்படி ஆவதில்லை. மாட்டின் பராமரிப்புத் தேவை, அதாவது கறக்காமல், வளராமல், சும்மா உயிரோடும் அதே எடையோடும் இருக்கத் தேவையான சத்து, எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே கூடுகிறது. மாக்ஸ் கிளைபர் 1932-இல் எழுதிய விதி இது. 250 கிலோ மாட்டைவிட 500 கிலோ மாட்டுக்குப் பராமரிப்புத் தேவை 1.68 மடங்குதான். ஆகவே 250 கிலோ மாடு இரண்டை வைத்திருப்பதைவிட 500 கிலோ மாடு ஒன்றுக்குப் பராமரிப்புத் தீவனம் 16% குறைவு.

இறைச்சிக்காகக் கன்று வளர்க்கும் வெளிநாட்டு மந்தைகளில் இந்தக் கணக்கு நெடுநாளாக நடக்கிற விவாதம். அங்கே மந்தை ஆண்டு முழுவதும் தின்பதில் பெரும்பகுதி தாய் மாடுகளின் பராமரிப்புக்கே போகிறது. 450 கிலோ தாய் 600 கிலோவாக வளர்ந்தால் பராமரிப்புத் தேவை 24% கூடும். கன்றின் எடையும் அதே அளவு கூடினால்தான் பெரிய தாய்க்கு நியாயம் உண்டு. வறண்ட மேய்ச்சலில் அது கூடுவதில்லை. நம்மூரில் கன்றின் எடைக்குப் பதிலாகப் பாலை வைத்துக்கொண்டால் கேள்வி அதேதான்: கூடுதல் உடம்பு தின்பதற்கு ஈடாகக் கூடுதல் பால் வருகிறதா?

எடையோடு இனத்தையும் பார்க்க வேண்டும். திமிலுள்ள நம் நாட்டினங்களுக்குப் பராமரிப்புத் தேவை, அதே எடையுள்ள சீமை இனங்களைவிட ஏறக்குறைய 10% குறைவு. அதிகம் கறக்கும் இனங்களுக்கு ஈரலும் குடலும் பெரிது. மடி வற்றிக் கிடக்கும் நாளிலும் அந்த உறுப்புகள் சத்தை எரித்துக்கொண்டே இருக்கும்.

மூன்று மாட்டின் அன்றாடக் கணக்கு

செரிக்கும் மொத்தச் சத்தை, கால்நடை மருத்துவர்கள் டி.டி.என். என்று சொல்வதை, அளவுகோலாக வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்கு ஒரு நாளைக்கு நாட்டு மாட்டுக்கு 2.0 கிலோ, ஜெர்சி கலப்புக்கு 2.8 கிலோ, எச்.எஃப். கலப்புக்கு 3.4 கிலோ வேண்டும். பாலுக்கு இது போக, லிட்டருக்கு இவ்வளவு என்று சேரும். கொழுப்பு 4.5% உள்ள பாலுக்கு லிட்டருக்கு 0.34 கிலோ, 3.5% உள்ள பாலுக்கு 0.30 கிலோ.

நாட்டு மாடு 3 லிட்டரும், ஜெர்சி கலப்பு 8 லிட்டரும், எச்.எஃப். கலப்பு 12 லிட்டரும் கறப்பதாகக் கொள்வோம். தொழுவில் போட வேண்டியது ஏறக்குறைய இப்படி வரும்:

நாட்டு மாடு: பச்சை 10 கிலோ, வைக்கோல் 3 கிலோ, அடர்தீவனம் ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ.
ஜெர்சி கலப்பு: பச்சை 20 கிலோ, வைக்கோல் 4 கிலோ, அடர்தீவனம் 3 கிலோ.
எச்.எஃப். கலப்பு: பச்சை 30 கிலோ, வைக்கோல் 4 கிலோ, அடர்தீவனம் 4 கிலோ.

பச்சை என்பது இங்கே கம்பு நேப்பியர் போன்ற தீவனப்புல். அடர்தீவனம் என்பது தானியம், தவிடு, புண்ணாக்கு சேர்ந்த கலவை. மூன்றுக்கும் தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம், சாதா உப்பு 30 கிராம்.

இதைப் பால் லிட்டருக்குப் பிரித்தால் பெரிய மாடு ஜெயிக்கிறது. ஒரு லிட்டருக்கு ஆகும் சத்து எச்.எஃப். கலப்புக்கு 0.58 கிலோ, ஜெர்சி கலப்புக்கு 0.69, நாட்டு மாட்டுக்கு 1.0. பெரிய மாடு நல்லது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கணக்கு இங்கே முடிவதில்லை.

அந்த எச்.எஃப். மாடு 12 லிட்டரிலிருந்து 7 லிட்டருக்கு இறங்கினால் லிட்டருக்கு 0.79 கிலோ ஆகிவிடும். 8 லிட்டர் கறக்கும் ஜெர்சியைவிட அது கூடுதல். இரண்டும் சமமாகும் இடம் ஏறக்குறைய எட்டரை லிட்டர். கன்று போட்ட இரண்டாம் மாதத்து உச்சக் கறவையைச் சொல்லவில்லை. கறவை முழுவதற்குமான சராசரி எட்டரை லிட்டருக்குக் கீழே போனால் அந்த 450 கிலோ உடம்பை வைத்திருப்பது நட்டம். பால் சொசைட்டியில் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு போக மீதியுள்ள திடச்சத்து) பார்த்துக் காசு தருவதால் ஜெர்சியின் ஒரு லிட்டருக்கு விலையும் கூட. ஆகவே உண்மையான எல்லை எட்டரைக்கும் சற்று மேலேதான்.

நெல்லை வெயிலில் அந்தச் சராசரியைக் காப்பாற்றுவது கடினம். உடம்பு பெருக்கப் பெருக்க, எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறைகிறது. உள்ளே உண்டாகும் சூடு வெளியேற வழி குறைவு. 25, 26 டிகிரியைத் தாண்டினாலே எச்.எஃப். இரத்தம் தீனியைக் குறைக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டைப் பக்கம் பகல் வெயில் 38 டிகிரிக்கு மேல் போகும். சமவெளிக்கு ஜெர்சி கலப்பு, மலைப்பகுதிக்கு எச்.எஃப். கலப்பு என்று தமிழக அரசின் கால்நடை இனப்பெருக்கக் கொள்கை பிரித்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. எச்.எஃப். வைத்தே தீருவேன் என்கிறவர், தொழுவின் கூரையை உயர்த்தி, மின்விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும் சேர்த்தே போட வேண்டும். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் காற்றிலேயே ஈரம் அதிகம். விசிறி இல்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்தால் புழுக்கம்தான் கூடும்.

பதினைந்து சென்ட் பச்சையை வைத்துப் பார்த்தால்

இருக்கிற தீவனத்தை வைத்து மாட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம். ஆண்டு முழுவதும் தண்ணீர் பாயும் 15 சென்ட் நிலத்தில் கம்பு நேப்பியர் கோ 4 ரகம் போட்டிருக்கிறது. ஏக்கருக்கு 150 டன் வரை வரும் என்பது நல்ல உரமும் தடையில்லாத தண்ணீரும் உள்ள இடத்துக் கணக்கு. திட்டமிடும்போது 100 டன் என்று வைப்பது பாதுகாப்பு. 15 சென்டுக்கு 15 டன், நாளுக்கு 41 கிலோ பச்சை.

இதில் ஜெர்சி கலப்பு இரண்டு நிற்கும், 16 லிட்டர். அல்லது நாட்டு மாடு நான்கு நிற்கும், 12 லிட்டர். அல்லது எச்.எஃப். ஒன்று நிற்கும், 12 லிட்டர். மிச்சப் பத்துக் கிலோவில் ஒரு கிடாரியை வளர்க்கலாம். வைக்கோலைப் பார்த்தால் ஜெர்சி இரண்டுக்கு வருஷத்துக்கு 2.9 டன், நாட்டு மாடு நான்குக்கு 4.4 டன், எச்.எஃப். ஒன்றுக்கு ஒன்றரை டன். கிடாரி தின்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஜெர்சி இரண்டு என்பதே இங்கே சரியான தேர்வு. பால் கூட என்பது மட்டும் காரணம் இல்லை. இரண்டு மாட்டையும் ஐந்தாறு மாத இடைவெளியில் சினைப்படுத்தினால் வீட்டில் பால் நிற்காது. ஒற்றைப் பெரிய மாடு ஒரு தடவை சினை தங்காமல் போனால் வருமானம் முழுவதும் நின்றுவிடும், தீனி நிற்காது. ஈத்து இடைவெளி 15 மாதமாக நீண்டு, மடி ஐந்து மாதம் வற்றிக் கிடந்தால், அந்த 150 நாளில் எச்.எஃப்.பின் பராமரிப்புக்கு மட்டும் 510 கிலோ செரிக்கும் சத்து போகும்; ஜெர்சிக்கு 420. இந்த வித்தியாசத்தை வைக்கோலாக்கினால் ஏறக்குறைய 240 கிலோ. சினையின் கடைசி இரண்டு மாதத்தில் வயிற்றுக் கன்றுக்காகப் பராமரிப்புத் தேவை ஏறக்குறைய 30% கூடும் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆற்றுப் பாசனமும் மானாவாரியும்

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வைக்கோலுக்குக் குறைவில்லை. பிசானம் என்ற பின்பருவ நெல் அறுப்பில் ஏக்கருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வைக்கோல் கிடைக்கும். கார் என்ற முன்பருவ நெல் சாகுபடி அணையில் தண்ணீர் இருப்பதைப் பொறுத்தது. கடைமடையில் அதை நம்பி மாடு கட்டக் கூடாது. மாசி, பங்குனியில் பிசான வைக்கோல் மலிவாக இருக்கும்போதே ஒரு வருஷத்துக்கானதை வாங்கிப் படப்பு (வைக்கோல் போர்) போட்டுவிட வேண்டும். படப்பின் அடி மேட்டில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலைச் சினைமாட்டுக்குப் போடவே கூடாது.

வைக்கோலில் புரதம் மிகக் குறைவு. வெறும் வைக்கோலை மட்டும் போட்டால் மாடு தன் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் தின்னாது. எந்த அளவு மாடும் அதை வைத்து எடையைக் காக்க முடியாது. பெரிய மாட்டுக்கு இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. வயிற்றின் கொள்ளளவு எடைக்கு நேராகக் கூடுகிறது, தேவையோ அதைவிட மெதுவாகக் கூடுகிறது. அதனால் வைக்கோலை மட்டும் தின்னும் 450 கிலோ மாடு தன் பராமரிப்பில் ஏறக்குறைய 83% வரை எட்டும். 250 கிலோ நாட்டு மாடு, அதன் குறைந்த தேவையையும் சேர்த்துப் பார்த்தாலும், 80%-ஐ ஒட்டியே நிற்கும். சின்ன மாடு கூளத்தைத் தின்றே காலம் தள்ளும் என்று சொல்வது அதன் மேய்ச்சல் திறமைக்குப் பொருந்தும், வயிற்றுக்குப் பொருந்தாது.

வைக்கோலை யூரியா வைத்துப் பதப்படுத்தினால் மூன்று மாட்டுக்கும் பயன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 60 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு கட்டி இல்லாமல் கரைந்த பிறகு, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விட வேண்டும். எடுத்ததும் போடாமல் கொஞ்ச நேரம் காற்றாட விட்டு, அமோனியா நெடி போன பின் போடவும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. யூரியா கரைத்த தண்ணீரை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் உயிரே போய்விடும்.

களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தண்டைப் பச்சைக் கணக்கில் சேர்க்கிறார்கள். வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 20 கிலோ தண்டு போட்டாலும் உலர்ந்த பொருள் இரண்டு கிலோகூடத் தேறாது. வயிறு நிறைந்தது போலத் தெரியும், மடி காட்டிக்கொடுத்துவிடும்.

ராதாபுரம், திசையன்விளை, நாங்குநேரியின் புஞ்சைப் பகுதி வேறு உலகம். கோடையில் கிணறு கீழே போய்விடும், நேப்பியர் படுத்துவிடும். அங்கே வெட்டிப் போடும் பச்சையைவிட மேய்ச்சலே பிரதானம். மேய்ச்சல் இலவசம் என்றாலும் நடைக்குச் செலவு உண்டு. புல் அடர்ந்த இடத்தில் பராமரிப்புத் தேவை 10%, தேடி அலைய வேண்டிய தரிசில் 20% கூடும். 250 கிலோ மாட்டுக்கு அது 0.4 கிலோ சத்து. 450 கிலோ மாட்டுக்கு 0.68, இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட பாலுக்கான சத்து நடையிலேயே போய்விடுகிறது. தண்ணீரும் பார்க்க வேண்டும். கறவையிலுள்ள பெரிய மாடு கோடையில் 70, 80 லிட்டர் குடிக்கும். நாட்டு மாட்டுக்கு அதில் பாதி போதும்.

புஞ்சைக்கு எங்கள் தேர்வு நாட்டு மாடு, அல்லது நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டுப் பிறந்த 280, 300 கிலோ முதல் தலைமுறைக் கலப்பு. பச்சைக்கு மானாவாரியில் கொழுக்கட்டைப்புல்லும் முயல்மசாலும், கொஞ்சம் ஈரம் உள்ள இடத்தில் வேலிமசாலும் வேலியோரம் அகத்தியும் போடலாம். தீவனச் சோளத்தை இளம்பயிரிலோ, வாடிய நிலையிலோ போடக் கூடாது. அதில் உண்டாகும் சயனைடு நஞ்சு மாட்டைச் சில நிமிஷத்தில் சாய்த்துவிடும். பூ வந்த பின் அறுக்கவும்.

பெரிய மாட்டில் கணக்கு தப்பும் இடங்கள்

கிருஷ்ணகிரி, ஈரோடு பக்கத்திலிருந்து வரும் பெரிய மாடு அங்கே தின்ற தீனியோடு கறந்து பழகியது. இங்கே அளவு குறைந்ததும் முதல் இரண்டு மாதம் தன் உடம்புக் கொழுப்பை உருக்கிக் கறக்கும். வாங்கியவருக்கு மகிழ்ச்சி. பிறகு விலா எலும்பு தெரியும், மாடு பருவத்துக்கு வராது, வந்தாலும் ஊசி தங்காது. தீனி குறைந்தால் பால் குறையும், அடுத்துச் சினை தவறும்; எலும்புக்கூட்டின் அளவு மட்டும் குறையாது. பெரிய மாட்டுக்குச் சின்ன மாட்டின் தீனியைப் போட்டு ஒப்பேற்ற முடியாததற்கு இதுவே காரணம்.

பச்சை போதாத குறையை அடர்தீவனத்தாலும் ரேஷன் அரிசிச் சோற்றாலும் கஞ்சியாலும் ஈடு கட்டப் பார்ப்பது அடுத்த தவறு. அரிசி மாவுச்சத்து இரைப்பையில் சட்டென்று புளித்து அமிலம் கூடும். மாடு அசைபோடாது, சாணி தண்ணியாகும், பாலில் கொழுப்பு இறங்கும், குளம்பு நோகும். உலர்ந்த பொருளில் பாதிக்கு மேல் அடர்தீவனம் போனாலே இந்த ஆபத்து உண்டு.

பெரிய மாட்டுக்கு உள்ள மெய்யான சாதகம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கழிக்கும்போது வியாபாரிகள் எடையைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். உடம்பு பெரியது என்றால் கடைசியில் கையில் வருவதும் கூட. ஆனால் அது மாட்டின் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வரும் பணம்.

எடையை அறிவது

கண் மதிப்பு 50 கிலோ வரை தவறும். ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுக்கவும். தோள்பட்டை முனையிலிருந்து பின்புறத்து இருப்பெலும்பு முனை வரை நீளத்தை எடுக்கவும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 66, நீளம் 56 என்றால் 370 கிலோ. காலையில் தீனியும் தண்ணீரும் காட்டும் முன் அளக்கவும். மாடு நான்கு காலிலும் சமமாக நிற்கட்டும். சந்தையில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டி நிறுத்தியிருக்கும் மாட்டில் இந்தக் கணக்கும் கொஞ்சம் ஏமாற்றும்.

தீவனத்தையும் ஒரு நாளாவது தராசில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாளித் தவிடும் ஒரு வாளிப் புண்ணாக்கும் ஒரே எடை இல்லை. தலைச்சுமைப் பச்சை என்பது ஆளுக்கு ஆள் பத்துக் கிலோ வித்தியாசப்படும்.

ஏற்கெனவே பெரிய மாடு தொழுவில் நிற்கிறதா?

உடனே விற்க வேண்டியதில்லை. ஒரு மாதம் காலையும் மாலையும் பாலை அளந்து எழுதுங்கள். கறவையின் நடுவிலேயே சராசரி எட்டரை லிட்டருக்குக் கீழே இருந்தால், அடுத்த பருவத்தில் எச்.எஃப். ஊசிக்குப் பதில் ஜெர்சி ஊசி கேளுங்கள். பிறக்கும் கிடாரி தாயைவிடச் சிறிய உடம்போடு வளரும். தாயை இரண்டு ஈத்து வைத்திருந்து கழித்தால் கைக்காசு போடாமலே மந்தையின் அளவு இறங்கிவிடும்.

நாட்டுக் கிடாரி வைத்திருப்பவர் இதைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். 200, 220 கிலோ நாட்டுக் கிடாரிக்கு எச்.எஃப். ஊசி போட்டால் கன்று பெருத்து ஈற்றில் சிக்கும். கன்றோடு தாயும் போன வீடுகள் உண்டு. அதற்கு ஜெர்சி ஊசி, அதுவும் முதல் ஈத்து நாட்டு ஊசியிலேயே முடிந்த பிறகு, என்பது பாதுகாப்பான வழி. எந்த இனமானாலும் கிடாரி தன் முழு எடையில் 60 முதல் 65 சதவீதத்தை எட்டிய பிறகே முதல் ஊசி. 350 கிலோவுக்கு வளரும் ஜெர்சி கலப்பு என்றால் 210 முதல் 230 கிலோ, 450 கிலோ எச்.எஃப். கலப்பு என்றால் 270 முதல் 290. வயசை எண்ணிப் போடுவதைவிட டேப்பை வைத்துப் போடுங்கள்.